தளத்துக்குக் கீழே நல்ல வேலை: சிம்பாங் அம்பாட் பட்டறையின் கேம்பிங் ட்ரெய்லர்

பினாங்குப் பெருநிலத்தில், சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் லோரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்று, இப்போது பிக்கப் பின்னால் இழுக்கும் சின்ன கேம்பிங் ட்ரெய்லரும் செய்து தருகிறது. இரண்டு விதமாக வாங்கலாம். சக்கரம், அச்சு, இழுகம்பி பொருத்திய வெறும் சட்டம் ஒன்று. அதன்மேல் படுக்கைப் பெட்டி, பின்பக்க அடுப்படி, விளக்கு, பேட்டரி எல்லாம் வைத்த முழு வண்டி இன்னொன்று. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: சட்டத்தை நம்பி வாங்குங்கள், பெட்டியையும் வயரிங்கையும் அங்கே செய்யக் கொடுக்காதீர்கள். குறைகளும் சேர்ந்து வருவதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை. இங்கே சொல்பவை வேறு எந்தப் பட்டறைக்குப் போனாலும் கேட்க வேண்டிய விஷயங்கள்தான்.

பட்டர்வொர்த்திலிருந்து பாலிங், கிரிக், ஜெலி என்று மலையைக் கடந்து கிழக்குக் கரைக்குப் போகிற பயணத்தை மனத்தில் வைத்தே இந்த மதிப்பீடு. அந்தச் சாலை முழுக்கத் தார்தான். ஆனால் ஆற்றோரத்தில் தங்கவேண்டுமென்றால் கடைசிச் சில கிலோமீட்டர் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை, இல்லாவிட்டால் மரம் ஏற்றும் லோரி கிளறிப்போட்ட பாதை. ட்ரெய்லர் உடைவது அங்கேதான்.

அளவில் பட்டறைக்காரர்கள் சரியாக யோசித்திருக்கிறார்கள். தளம் 2440 × 1220 மி.மீ.; ஒரு முழுப் பிளைவுட் பலகை வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே உட்காரும். சக்கரங்கள் பெட்டிக்கு வெளியே நிற்கின்றன. டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் வரும் 265 மி.மீ. அகல டயரையே போட்டு, பக்கத்துக்கு 45 மி.மீ. இடைவெளி விட்டால் மொத்த அகலம் 1840 மி.மீ. வருகிறது, ஹைலக்ஸின் அகலம் 1855. இரண்டு வண்டியின் சக்கரத் தடமும் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று விழும். சேற்றில் இதன் அருமை தெரியும்: முன்வண்டி அழுத்திவிட்டுப் போன தடத்திலேயே ட்ரெய்லர் உருளும், தனக்கென்று புதுத்தடம் வெட்டாது. சக்கரம் மாட்டும் ஹப் ஆறு போல்ட், 139.7 மி.மீ. வட்டம் என்று கேட்டு வாங்குங்கள். ஹைலக்ஸ், ட்ரைட்டன், டி-மேக்ஸ், ரேஞ்சர் எல்லாவற்றுக்கும் அதே வட்டம்தான், ஒரே ஸ்பேர் டயர் இரண்டு வண்டிக்கும் ஆகும். நடுத்துளை மட்டும் மாறும்: ஹைலக்ஸுக்கு 106 மி.மீ., ரேஞ்சருக்கு 93 மி.மீ. உங்கள் ரிம்மை நேரில் கொண்டுபோய் ஹப்பில் மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டும்.

இரும்பு வேலை இந்தப் பட்டறையின் பலம். நீளவாட்டில் 75 × 50 × 3 மி.மீ. பெட்டிக்குழாய் இரண்டு, குறுக்கே 50 × 50 × 3 மி.மீ. குழாய் ஐந்து. பெட்டிக்குழாய் மீட்டருக்குச் சுமார் ஐந்தரை கிலோ வரும். இழுகம்பி இரண்டையும் முன் குறுக்குக் குழாயோடு நிறுத்திவிடாமல் சட்டத்துக்கு அடியில் இரண்டாவது குறுக்குக் குழாய்வரை கொண்டுபோகிறார்கள். வளைவு விசை மிக அதிகமாக விழுவது இழுகம்பி சட்டத்துக்குள் நுழையும் இடத்தில்தான். மலிவு வேலையில் அங்கே குழாயின் மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் குறுக்காக வெல்டிங் போடுவார்கள். அந்தக் கோட்டிலேயே விரிசல் விழும். இங்கே பக்கவாட்டுச் சுவரில் நீளவாக்கில் வெல்டிங் போட்டு, முனை சரிவாக வெட்டிய தகடு வைத்துப் பிடிக்கிறார்கள். இதைப் பார்த்தாலே வேலை தெரிந்தவர் கை என்று புரிந்துவிடும்.

துருவைப் பற்றியும் அக்கறை உண்டு. பினாங்கின் உப்புக்காற்றில் வெறும் பெயிண்ட் அடித்த குழாய் உள்ளேயிருந்து அரிக்கும், வெளியே தெரியவே தெரியாது. கூடுதல் காசு கொடுத்தால் சட்டத்தை ஹாட் டிப் கால்வனைஸுக்கு அனுப்புகிறார்கள். இரும்பை முக்கும் உருகிய துத்தநாகத் தொட்டி 450 டிகிரி செல்சியஸ் அளவு சூட்டில் இருக்கும். மூடிய குழாய்க்குள் காற்றோ ஈரமோ சிக்கினால் சூட்டில் விரிந்து வெடிக்கும். அதனால் ஒவ்வொரு குழாய்க்கும் இரு முனையிலும் எதிரெதிர் மூலையில் துளை வேண்டும். இவர்கள் வெல்டிங்குக்கு முன்பே துளை போட்டுவிடுகிறார்கள். அதே துளைகள் பிறகு மழைநீர் வடியவும் உதவும். கவனிக்க வேண்டியது ஒன்று: துத்தநாகம் ஏறிய பிறகு அதன்மேல் வெல்டிங் போட்டால் பூச்சும் போகும், எழும் புகை மூச்சுக்கும் கெடுதல். தண்ணீர்த் தொட்டிப் பிடி, ஜாக்கி, நான்கு மூலைக் கால், எரிவாயு உருளைத் தட்டு, வயர் ஓடும் வளையம் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்துக் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கச் சொல்ல வேண்டும். "பிறகு பார்த்துக்கலாம்ணே" என்று விட்ட பிடி ஒவ்வொன்றும் பிறகு துருப்புள்ளியாக வந்து நிற்கும்.

அச்சு எங்கே உட்கார வேண்டும் என்பதில் மட்டும் இவர்களோடு பேச வேண்டியிருக்கும். தளத்தின் நடுவிலேயே வைப்பது அவர்கள் பழக்கம். பாரமும் நடுவில் விழுந்தால் கொக்கியின்மேல் எடையே இருக்காது. வேகம் கூடியதும் ட்ரெய்லரின் வால் ஆடத் தொடங்கும், பிரேக் போட்டால் ஆட்டம் இன்னும் மோசமாகும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்க வேண்டும். பெட்டியின் முன்முகத்திலிருந்து, பிக்கப்பில் கொக்கி உட்காரும் பந்துவரை ஒன்றரை மீட்டர் என்றால், அச்சை நடுவிலிருந்து 30 செ.மீ. பின்னால் தள்ளினால் இந்தக் கணக்கு சரியாக வரும். 650 கிலோ வண்டிக்குக் கொக்கியில் 65 கிலோ. 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு ஒட்டி, சற்றே முன்னால் வையுங்கள். அச்சுக்கு 60 செ.மீ. பின்னால் வைத்தால் தொட்டி நிறைந்திருக்கும்போது கொக்கியெடையில் 12 கிலோ காணாமல் போகும். மொத்தப் பாரத்தை 750 கிலோவுக்குள் நிறுத்துவதும் முக்கியம். ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாத நிலையில் பிக்கப் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் அனுமதிக்கும் எல்லை அது. கிரிக்–ஜெலி மலைச்சாலை ஆயிரம் மீட்டர் உயரம்வரை ஏறி இறங்குகிறது. அந்த இறக்கத்தில் சின்ன கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்க வேண்டும்.

சஸ்பென்ஷனுக்கு இரண்டு தேர்வு தருகிறார்கள், பட்டை ஸ்பிரிங், ரப்பர் டார்ஷன் அச்சு என்று. லோரிக்காரர்கள் ஆயிற்றே, கேட்காமல் விட்டால் ஐந்து பட்டை ஸ்பிரிங்கைப் போட்டுவிடுவார்கள். ஒன்றரை டன்னுக்கான ஸ்பிரிங் 650 கிலோ பாரத்துக்கு அசையாது. ஒவ்வொரு குழியிலும் சக்கரம் தரையைவிட்டுத் துள்ளும், அந்த அடி முழுதும் பெட்டியின் மூட்டுக்கும் அலமாரித் திருகுக்கும் போகும். மூன்று பட்டை போதும், கூடவே இரண்டு ஷாக் அப்சார்பர். சோதிப்பது சுலபம்: வெறும் சட்டத்தில் அச்சுக்கு மேலே இரண்டு ஆள் ஏறி நின்றால் ஒன்றரை, இரண்டு செ.மீ. இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் ஒரு பட்டையை எடுக்கச் சொல்லுங்கள்.

டார்ஷன் அச்சில் சதுரக் குழாய்க்குள் சதுரத் தண்டு, இடையில் நான்கு ரப்பர் கயிறு. தண்டு திரும்பும்போது ரப்பர் நசுங்கி அதுவே ஸ்பிரிங் ஆகிறது. சத்தமில்லை, கிரீஸ் வேண்டாம், தார்ச்சாலையில் சுகமாக வரும். கரடுமுரடுக்கு, சக்கரத்தைத் தாங்கும் கை 45 டிகிரி கீழ்நோக்கித் தொடங்கும் வகையைக் கேட்க வேண்டும், அப்போதுதான் தரைக்கும் அச்சுக்கும் இடைவெளி கிடைக்கும். இந்தப் பட்டறையில் டார்ஷன் கேட்டால் ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக நிற்க வேண்டும். அச்சுக் குழாயின்மேல் நேரடியாக வெல்டிங் போடக் கூடாது, சூட்டில் உள்ளே ரப்பர் கெட்டுவிடும். சட்டத்தில் பிடியைப் பற்றவைத்து, அச்சைப் போல்ட்டில் மாட்டுவதே முறை. இவர்கள் நேரம் மிச்சம் என்று நேரடியாகப் பற்றவைக்கப் பார்க்கிறார்கள். ரப்பர் கெட்டால் அச்சையே மாற்றியாக வேண்டும். பட்டை ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட் உடைந்தால் எந்தக் கம்போங் பட்டறையிலும் அரை நாளில் வேலை முடியும். தூரப் பயணத்துக்கு எங்கள் தேர்வு பட்டை ஸ்பிரிங்தான்.

பேரிங் நல்லது போடுகிறார்கள், உலகம் முழுதும் கிடைக்கும் எண்: உள்ளே எல்68149, வெளியே எல்44649. இறுக்குவதில்தான் கை கனமாக இருக்கிறது. ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் இறுக்கும் அளவில் நிறுத்தி, நட்டு சுழலாமல் பிடிக்கும் காட்டர் பின்னைப் போட வேண்டும். ஸ்பேனரால் இறுக்கியபடியே விட்டால் பேரிங் சூடேறி எரியும். ஓடிச் சூடான ஹப்பை நேராக ஆற்றில் இறக்கவும் வேண்டாம். சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கால் மணி நேரம் ஆறவிட்டுக் கடக்கலாம். பேரிங் ஒரு ஜோடி, சீல் இரண்டு, காட்டர் பின், கிரீஸ் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

கொக்கிப் பந்து 50 மி.மீ.யா, இரண்டு அங்குலமா என்று அச்சடித்த எண்ணைப் பாருங்கள். இரண்டு அங்குலம் என்பது 50.8 மி.மீ.; 50 பந்தில் இரண்டு அங்குலக் கொக்கி தளர்ந்து ஆடும், மாற்றிப் போட்டால் பூட்டே விழாமல் போகலாம். பள்ளமேட்டில் அதிகம் ஓடுபவர்கள் எல்லாப் பக்கமும் திரும்பும் ஆஃப்-ரோடு கொக்கிக்கு மாறுவது நல்லது. பாதுகாப்புச் சங்கிலி இரண்டும் கொக்கிக்கு அடியில் ஒன்றையொன்று குறுக்கிட வேண்டும். கொக்கி கழன்றாலும் இழுகம்பி தரையில் குத்தாமல் அவை தாங்கும்.

தளத்துக்கு மேலே போனால் வேலையின் தரம் இறங்குகிறது. பெட்டியை இரும்புச் சதுரக்குழாயில் கட்டி, வெளியே அலுமினியக் கலப்புப் பலகை ஒட்டித் தருகிறார்கள். பார்க்க அழகு. ஆனால் எடை தண்ணீருக்கும் சாமானுக்குமான பங்கைத் தின்றுவிடுகிறது. இரவில் இரண்டு பேர் மூச்சு விட்டால் குளிர்ந்த இரும்பில் ஈரம் வேர்த்து, பலகைக்குப் பின்னால் துரு பிடிக்கும். மூட்டுக்கெல்லாம் சாதாரண சிலிக்கான். குலுங்கும் வண்டியில் அது விளிம்போடு பெயர்ந்து வரும், அதன்மேல் பெயிண்டும் ஒட்டாது. அங்கே பாலியூரிதேன் சீலண்ட் வேண்டும், சிக்காஃப்ளெக்ஸ் மாதிரி.

பெட்டியை நீங்களே அல்லது ஒரு தச்சரை வைத்து பிளைவுட்டில் கட்டுவது மேல். தளத்துக்கும் பக்கத்துக்கும் 12 மி.மீ., கூரைக்கு 6 மி.மீ., மொத்தம் ஆறு பலகை. வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றுக்கும் எபாக்சி இரண்டு கோட். பிளைவுட் ஊறுவது எப்போதும் விளிம்பிலிருந்துதான். கூரையில் 14 அங்குல விசிறி, பக்கத்தில் கொசுவலை போட்ட இரண்டு ஜன்னல். செம்மண் பாதையில் ஓடும்போது வண்டியின் பின்பக்கம் காற்றழுத்தம் குறைந்து கதவிடுக்கு வழியே தூசியை உறிஞ்சும். முன்பக்கம் வடிகட்டி வைத்த ஒரு சின்னக் காற்றுவழி திறந்திருந்தால் உள்ளழுத்தம் ஏறி, தூசி வெளியே நிற்கும். பட்டறைப் பெட்டியில் இது இல்லை.

வயரிங் இன்னும் கவலை. விளக்குகளின் எர்த்தைச் சட்டத்திலேயே கொடுக்கிறார்கள். திருகுமுனை துருப்பிடித்ததும் சிக்னல் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்கும். ஏழுமுனைப் பிளக்கிலிருந்து ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுக்க வேண்டும். பேட்டரி சார்ஜுக்கு இவர்கள் கொடுப்பது 6 சதுர மி.மீ. வயர். போக ஆறு மீட்டர், வர ஆறு மீட்டர், 20 ஆம்பியர் ஓடினால் அதில் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 சதுர மி.மீ. போட்டால் இழப்பு கால் வோல்ட்தான். லித்தியம் பேட்டரிக்கு அருகிலேயே, பிக்கப்பிலிருந்து வரும் வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏற்ப மாற்றும் டிசி-டிசி சார்ஜர், வயரின் இரு முனையிலும் ஃபியூஸ். 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்புப் பாஸ்பேட் பேட்டரியில் 1.28 யூனிட் மின்சாரம் இருக்கிறது. 45 வாட் குளிர்பெட்டி நம் வெயிலில் பாதி நேரம் ஓடினால் நாளைக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல் எடுக்கும். விசிறியும் சேர்த்து, ஓட்டாமல் நிறுத்திய இடத்தில் இரண்டு இரவு தாங்கும்.

விலையை எழுத்தில் வாங்கும்போது இரும்பு, அச்சு, கால்வனைஸ், கூலி என்று தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள், மறுக்காமல் கொடுக்கிறார்கள். ஆவண விஷயத்தில் மட்டும் இவர்கள் பேச்சை ஏற்க வேண்டாம். "போட் ட்ரெய்லர் மாதிரிதானே, யாரும் கேட்க மாட்டாங்க" என்கிறார்கள். 1987 ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்பதற்குள் ட்ரெய்லரும் அடங்கும். விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பதும் ட்ரெய்லரின் ஆவணத்தைத்தான். வரைபடத்தோடு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகம் போய், என்ன தேவை என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு முன்பணம் கட்டுங்கள்.

வண்டியை எடுத்ததும் வீட்டுக்கு ஓட்டிவிடாமல், பாரம் ஏற்றி பினாங்கு இரண்டாம் பாலத்தில் பத்து காவானிலிருந்து பத்து மாவுங்வரை ஒருமுறை போய்வாருங்கள். 24 கிலோமீட்டர் நீளம், சீரான வேகம், கடல்மேல் பக்கக் காற்று. வால் ஆடுகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். டயரில் 22 முதல் 26 பி.எஸ்.ஐ. போதும், பிக்கப்புக்கான அழுத்தத்தை வைத்தால் இந்த எடைக்குக் கல்லாக இருக்கும். இறங்கியதும் நான்கு விரலை ஹப்பில் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடென்றால் பேரிங் இறுக்கம், அன்றே பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுபோகலாம். அதையும் யூ போல்ட், சக்கர நட்டு மறு இறுக்கத்தையும் காசு வாங்காமல் செய்து தருகிறார்கள்.