செசோத்தோ பேசும் செயலி: குரல் அருமை, தொனியில்தான் வம்பு

லெசோத்தோ நாட்டின் தலைநகர் மசேருவில் பள்ளிக்கூடமொன்றில் கணக்கு சொல்லித்தருகிறேன். பெற்றோருக்கான அறிவிப்புகளை இங்கே பேசும் மொழியான செசோத்தோவில் ஒலியாகவும் அனுப்ப இந்தச் செயலியை வைத்திருக்கிறேன். எழுத்தைக் கொடுத்தால் பேசும். ஆண் குரலைவிடப் பெண் குரல் தேவலை.

உச்சரிப்பில் குறை சொல்ல முடியாது. நாக்கைச் சொடுக்கும் ஒலிகூடச் சுத்தமாக விழுகிறது. வாக்கியம் முடியும்போது கடைசிக்கு முந்தைய அசையை இழுக்க வேண்டும், ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்வியில் இழுக்கக் கூடாது. இரண்டும் பிசகவில்லை.

தொனிக்கு வந்தால்தான் தடுமாற்றம். ஏற்றம், இறக்கம் என்று இரண்டே தொனிதான். ஆனால் வழக்கமான எழுத்தில் அதற்குக் குறியே கிடையாது. 'ஓ' என்பதை இறக்கிச் சொன்னால் நீ, ஏற்றிச் சொன்னால் அவர். படிக்கிறவர் முன்பின் பார்த்துப் புரிந்துகொள்வார். செயலி ஊகிக்க வேண்டும்.

சோதித்துப் பார்த்தேன். 'ந்தாத்தே ஓ பாட்லா மெட்சி', அதாவது ஐயாவுக்குத் தண்ணீர் வேண்டுமாம். ஓவை ஏற்றிச் சரியாகவே சொன்னது. ந்தாத்தேவுக்குப் பின் ஒரு காற்புள்ளி போட்டால் அது விளி; ஐயா, உங்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்றாகிவிடும், ஓ இறங்க வேண்டும். செயலி காற்புள்ளிக்கு அழகாக நிறுத்தியது, ஓவை மட்டும் பழையபடி ஏற்றியே வைத்தது. கேட்ட சக ஆசிரியை சிரித்துவிட்டு, "யாருக்குத் தண்ணீர்?" என்றார். போதாக்குறைக்கு, ஏற்றம் தன் அசையோடு நிற்காமல் அடுத்ததற்கும் பரவும். ஓரிடத்தில் தப்பினால் பக்கத்து வினைச்சொல்லும் கோணலாகிவிடும்.

பெயர்ச்சொல்லே இல்லாமல் ஓவில் தொடங்கும் வாக்கியம் என்றால் செயலிக்கு எப்போதும் 'நீ'தான். முந்தைய வாக்கியத்தில் யாரைப் பற்றிப் பேச்சு என்று அது திரும்பியே பார்ப்பதில்லை. அகராதியில் சொல்லுக்குச் சொல் தொனி எழுதி வைத்தாலும் இதற்கு உதவாது, வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

ஒரு நல்ல விஷயம், அசையைத் தொட்டு ஏற்றக்குறி போட்டால் மாற்றிப் பேசுகிறது. நாலு வரி அறிவிப்புக்கு இது போதும். கதை வாசிக்கவைக்க நினைத்தால் பொழுது போய்விடும்.

அப்புறம், வாங்கியதும் எழுத்துமுறையை லெசோத்தோவுக்கு மாற்றிவிடுங்கள். இங்கே 'லி' என்று எழுதி 'டி' என்று சொல்வார்கள், தென்னாப்பிரிக்காவில் எழுதுவதும் 'டி'தான். மாற்றாவிட்டால் சாப்பாட்டை 'டிஜோ' என்னாமல் 'லிஜோ' என்று வாசித்துத் தொலைக்கும்.