ஃபோர் பை ஃபோர் ஸ்டிக்கரை நம்பிப் பழைய டிரக் வாங்காதீர்கள்

பழைய பிக்கப் டிரக் தேடிக்கொண்டிருப்பவர்கள், அதிலும் மண் ஏற்றத்தில் பாரம் இழுக்க வண்டி தேடுபவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஆல் வீல் டிரைவ் வண்டியை ஃபோர் வீல் டிரைவ் என்று சொல்லி எனக்கு விற்றுவிட்டார்கள். இரண்டிலும் நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் என்பதால், இந்த ஏமாற்று வேலை வாங்கும் அன்று கண்ணில் படாது. பாரத்தோடு ஏற்றத்தில் நிற்கும்போதுதான் தெரியும்.

என் தேவை எளிமையானது. செங்குத்தான மண் பாதை, மழை பெய்தால் சேறு, பின்னால் தண்ணீர்த் தொட்டி ஏற்றிய டிரெய்லர். இதற்கு லோ ரேஞ்ச், அதாவது பாரத்தோடு மெதுவாக ஏற உதவும் தனி கியர், வேண்டும் என்று எனக்குத் தெரியும். வண்டியில் அதை 4எல் என்று குறித்திருப்பார்கள். போனிலும் கேட்டேன், நேரிலும் கேட்டேன்: "4எல் இருக்கா?" பழைய வண்டி வாங்கி விற்கும் அந்த வியாபாரி சொன்ன பதில் இன்னும் காதில் நிற்கிறது. "சார், லிவர் போட்டு மாத்துறதெல்லாம் பழைய காலம். இதுல எல்லாமே இந்தத் திருகுலதான். மட்ல வச்சீங்கன்னா அதுதான் லோ." விளம்பரத்திலும் ஃபோர் பை ஃபோர், அதாவது ஃபோர் வீல் டிரைவ், என்றே போட்டிருந்தார். பின்கதவிலும் அதே ஸ்டிக்கர் பளிச்சென்று ஒட்டியிருந்தது.

அந்தப் பதில் முழுப் பொய். திருகில் இருக்கும் ஸ்னோ, மட், சாண்ட் எல்லாம் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் உத்தரவுகள். ஆக்சிலரேட்டரின் வேகத்தையும், சக்கரம் சுழலும்போது பிரேக் எப்போது பிடிக்க வேண்டும் என்பதையும், பின்சக்கரத்துக்கு எவ்வளவு சக்தி போக வேண்டும் என்பதையும் அவை மாற்றும். பல்சக்கர விகிதத்தை மாற்றாது. லோ ரேஞ்ச் என்பது கியர்பாக்ஸுக்குப் பின்னால், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டிக்குள் இருக்கும் தனி கியர். பெரும்பாலான டிரக்குகளில் அது சக்கரத்துக்குப் போகும் இழுவிசையை இரண்டரை மடங்குக்கும் மேல் பெருக்கும். ஜீப் கிளாடியேட்டர் ரூபிகான் போன்றவற்றில் 4 மடங்கு. இன்ஜின் நல்ல சுற்றில் ஓடும், வண்டியோ நடக்கும் வேகத்தில் ஏறும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வர வேண்டியதில்லை, இன்ஜினே பிடித்து இறக்கும். அந்த இரும்புப் பல்சக்கரம் வண்டிக்குள் இல்லை என்றால் எந்தத் திருகாலும் அதைக் கொண்டுவர முடியாது.

முதல் மழைக்குப் பிறகு நடந்தது இதுதான். ஏற்றத்தின் பாதியில் வண்டி திணறியது, கருகல் வாடை வந்தது, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அதோடு பின்சக்கரங்கள் இழுப்பதை நிறுத்திவிட்டன, முன்சக்கரங்கள் மட்டும் சேற்றில் சுழன்றன. வண்டியைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். இது முன்சக்கர இழுவை வண்டியை அடிப்படையாகக் கொண்ட ஆல் வீல் டிரைவ். பின்பக்க டிஃபரன்ஷியலுக்கு (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் பல்சக்கரத் தொகுப்பு) முன்னால் கிளட்ச் பிளேட்டுகள் அடுக்கிய ஒரு கப்ளிங் இருக்கிறது. முன்சக்கரம் வழுக்கும்போது அது இறுகிப் பின்சக்கரத்துக்குச் சக்தி அனுப்பும். நெடுநேரம் பாரத்தில் உழைத்தால் சூடேறும். சூடு எல்லை தாண்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கழன்றுகொள்ளும். நான் கேட்ட வேலைக்கு அது செய்யப்படவே இல்லை.

அவர் இன்னொன்றையும் காட்டினார், அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. முன் டயர்கள் இரண்டும் தேய்ந்தவை, பின் டயர்கள் இரண்டும் புத்தம் புதியவை, வேறு கம்பெனி. "புது டயர் போட்டிருக்கேன் சார்" என்று வியாபாரி பெருமையாகச் சொல்லித்தான் விலையைக் கூட்டியிருந்தார். டயர் பட்டன் 1 மி.மீ. தேய்ந்தாலே சுற்றளவு 6 மி.மீ.க்கு மேல் குறைந்துவிடும். முன்னும் பின்னும் சுற்றளவு வேறுபட்டால், நேர்ச்சாலையில் போகும்போதுகூட முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும், அந்த வித்தியாசத்தையெல்லாம் கப்ளிங் உரசி உரசித் தாங்க வேண்டும். ஆல் வீல் டிரைவுக்குப் பெயர் போன சுபாரு, நான்கு டயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள் ஒத்திருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். என் வண்டியின் கப்ளிங் என் கைக்கு வருவதற்கு முன்பே பாதி உயிரை விட்டிருந்தது. ஸ்டிக்கரைச் சுரண்டியபோது அடியில் வேறு எழுத்துகள் இருந்த தடம் பெயின்ட்டில் தெரிந்தது.

ஆல் வீல் டிரைவ் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. மழையில் நனைந்த தார்ச்சாலை, பனி, ஒரு பக்கம் ஈரம் மறுபக்கம் காய்ந்த தரை, இங்கெல்லாம் அது அருமையாக வேலை செய்யும். ஓட்டுபவர் எதையும் தொட வேண்டியதில்லை. ஹோண்டா ரிட்ஜ்லைன், ஃபோர்டு மேவரிக், ஹூண்டாய் சாண்டா குரூஸ் எல்லாம் இந்த வகையில் வரும் பிக்கப்கள், அவற்றில் லோ ரேஞ்ச் கிடையாது. அதை நேர்மையாகச் சொல்லி விற்றால் பிரச்சினையே இல்லை. டொயோட்டா ஹைலக்ஸ், டகோமா, இசுஸு டி-மேக்ஸ் போன்றவற்றின் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் பெரும்பாலும் 2எச் (இரண்டு சக்கர இழுவை), 4எச் (சாதாரண கியரில் நான்கு சக்கர இழுவை), 4எல் (லோ ரேஞ்சில் நான்கு சக்கர இழுவை) என்ற மூன்று நிலைகள் இருக்கும். பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யவும் முடியாது. முதல் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் அமரோக்கில், மேனுவல் கியரோடு லோ ரேஞ்ச் உள்ள ஃபோர் வீல் டிரைவும் உண்டு, 8 கியர் ஆட்டோமேட்டிக்கோடு லோ ரேஞ்ச் இல்லாத நிரந்தர ஃபோர் வீல் டிரைவும் உண்டு. டகோமா பிரீரன்னர், டி-மேக்ஸ் ஹை-லேண்டர், ஃபோர்டு ரேஞ்சர் ஹை-ரைடர் ஆகியவை உயரத்திலும் தோரணையிலும் அசல் ஃபோர் வீல் டிரைவ் மாதிரியே நிற்கும், இழுப்பது பின்சக்கரம் மட்டும். இவற்றின் பின்கதவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

எதிர்த்திசையிலும் ஏமாற்று உண்டு. என் மச்சானுக்கு உண்மையான ஃபோர் வீல் டிரைவைத்தான் விற்றார்கள். ஆனால் "எப்பவும் 4எச்லயே ஓட்டுங்க, ரோட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வகை வண்டியில், சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டுகளான முன் ஷாஃப்டுக்கும் பின் ஷாஃப்டுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. 4எச் போட்டதும் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் போக வேண்டும். மண்ணில் சக்கரம் சற்று வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க வழியில்லாமல் முறுக்கம் உள்ளேயே ஏறிக்கொண்டே போகும். ஸ்டியரிங் கனக்கும், வளைவில் வண்டி இழுத்துப் பிடிக்கும், கடைசியில் ஜாயின்டோ டிரான்ஸ்ஃபர் கேஸ் செயினோ விலை கொடுக்கும். மச்சான் வண்டியில் ஜாயின்ட் போனது. மிட்சுபிஷியின் சூப்பர் செலக்ட் போல நடு டிஃபரன்ஷியல் உள்ள வண்டிகளிலும், 4ஏ அல்லது ஆட்டோ நிலை கொடுத்திருக்கும் வண்டிகளிலும் மட்டும்தான் அந்த நிலையில் தாரில் ஓட்டலாம்.

ஆகவே வண்டியைப் பார்க்கப் போனால் முதலில் கீழே குனிந்து பாருங்கள். பின்சக்கர இழுவையை அடிப்படையாகக் கொண்ட டிரக்கில், கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒரு தனி இரும்புப் பெட்டியும், அதிலிருந்து பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று என இரண்டு ஷாஃப்டுகளும் தெரிய வேண்டும். முன் ஷாஃப்ட் இல்லாவிட்டால் மேலே என்ன ஸ்டிக்கர் இருந்தாலும் அது ஃபோர் வீல் டிரைவ் இல்லை. அதிர்வு வருகிறது என்று முன் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள், லிவர் மட்டும் அப்படியே இருக்கும். பின்னால் போகும் ஒரே ஷாஃப்டும், பின் டிஃபரன்ஷியல் வாயில் ஒரு உருண்டையான டப்பாவும் இருந்தால் அது கப்ளிங் வகை ஆல் வீல் டிரைவ். சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் அந்தக் கம்பெனியின் அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் எந்த டிரைவோடு வெளிவந்தது என்று பார்த்துச் சொல்வார்கள். ஸ்டிக்கர் மாறலாம், அந்தப் பதிவு மாறாது.

ஓட்டிப் பார்க்கும்போது சரளைக் கல்லோ மணலோ உள்ள இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். 4எச் போட்டு மெதுவாக முழு ஸ்டியரிங் வளைத்தால், பூட்டிய வண்டியில் சக்கரம் தேய்த்து இழுப்பது கைக்குத் தெரியும். பிறகு வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் 4எல் போடுங்கள். டேஷ்போர்டில் 4எல் விளக்கு மினுக்கிக்கொண்டே நின்றால் உள்ளே கியர் விழவில்லை. விழுந்தால் இன்ஜின் சத்தம் உயரும், வண்டி ஊரும், சந்தேகத்துக்கே இடமிருக்காது. "எப்பவாவதுதான் யூஸ் பண்ணினோம்" என்பதைப் பெருமையாகச் சொன்னால் இன்னும் கவனமாகப் பாருங்கள். ஃபோர் வீல் டிரைவை மாதம் 16 கி.மீ.யாவது ஓட்ட வேண்டும் என்று டொயோட்டாவின் கையேடே சொல்கிறது, இல்லாவிட்டால் முன்பக்கப் பாகங்களுக்கு எண்ணெய் ஏறாது. ஆல் வீல் டிரைவ் என்றால் காய்ந்த தாரிலேயே மெதுவாக இரு பக்கமும் முழு வட்டம் அடித்துப் பாருங்கள். உதறலோ இழுப்போ இருந்தால் கப்ளிங்கில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். நான்கு டயரும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே தேய்மானமா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது "இருக்கிற நிலையில்தான் வித்தேன்" என்று வியாபாரி சொல்லிவிட்டார். நான் போனிலும் நேரிலும் மட்டுமே கேட்டதால் அவர் சொன்ன பொய்க்கு எழுத்தில் சாட்சி இல்லை. விளம்பரத்தின் படம் மட்டும் கையில் இருக்கிறது, அதை வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். நீங்கள் கேட்பதானால் மெசேஜில் கேளுங்கள்: "டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ ரேஞ்ச் கியர் இருக்கிறதா? 4எல் ஓடும்போது ஒரு வீடியோ அனுப்புங்கள்." அதே வியாபாரி அதே வாசகங்களோடு இன்னொரு டிரக்கை இப்போது விளம்பரத்தில் போட்டிருக்கிறார். பின்கதவு ஸ்டிக்கரை நாலு கோணத்தில் எடுத்திருக்கிறார், வண்டிக்கு அடியில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.