டிஸ்க்கும் சந்தாவும்: 2014 முதல் என் கேமிங் அனுபவம்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், 2014-இல், போனஸ் பணத்தில் சோனியின் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கேம் கன்சோல் வாங்கினேன். பினாங்கின் பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, அம்மா எழுந்து காப்பி போடும் வரை விளையாடுவேன். அதன்பின் பிஎஸ்5, ஒரு கேமிங் கணினி, இரண்டு சந்தா, ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் ஒரு கணக்கு என்று சம்பளத்தில் ஒரு பங்கு இந்தத் துறைக்கே போய்க்கொண்டிருக்கிறது. எதை வாங்கலாம், எந்தச் சந்தா லாபம் என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். படத்தின் தெளிவு, லோடிங் வேகம் பற்றியெல்லாம் எழுத ஆள் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் போட்ட சண்டை என் வீட்டு அலமாரியில் என்ன செய்தது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

டிஸ்க்கிலிருந்து தொடங்குவதுதான் சரி. 2013-இல் மைக்ரோசாஃப்ட் தன் புதிய கன்சோலான எக்ஸ்பாக்ஸ் ஒன்னை அறிவித்தபோது, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் சரிபார்க்க வேண்டும், பழைய டிஸ்க்கை மற்றவருக்குக் கொடுப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு என்றது. சோனி உடனே ஒரு குட்டி வீடியோ போட்டது. ஒருவர் டிஸ்க்கை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்கிறார், அவ்வளவுதான் வீடியோ. எதிர்ப்பு வலுத்ததும் மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே பின்வாங்கியது. இரண்டு பெரியவர்கள் மோதிக்கொண்டதில் நமக்குக் கிடைத்த நிஜமான லாபம் இது. இதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

அந்த லாபத்தை நான் பிராங்கின் மாலில் கண்ணால் பார்த்தேன். அங்கே நான் போகும் கடையின் தவுக்கே (முதலாளி) டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்து, டியூப்லைட்டுக்குக் கீழே மெல்லச் சாய்த்துப் பார்ப்பார். கீறல் இருந்தால் கட்டை விரலால் அந்த இடத்தைக் காட்டுவார், பேச மாட்டார். இல்லாவிட்டால் கால்குலேட்டரில் விலையைத் தட்டி என் பக்கம் திருப்புவார். முடித்த விளையாட்டைக் கொடுத்து, மேலே 30 வெள்ளி போட்டு, அடுத்ததை எடுத்து வருவேன். பட்டர்வொர்த்தில் இருக்கும் இரண்டு நண்பர்களும் நானும் ஒரே டிஸ்க்கைச் சுற்றில் விடுவோம். எத்தனையோ முறை அது ஃபெர்ரி ஏறிப் போய், ஃபெர்ரி ஏறித் திரும்பி வந்திருக்கிறது.

அதனால்தான் பிஎஸ்5 2020 டிசம்பரில் மலேசியாவுக்கு வந்தபோது யோசிக்கவே இல்லை. டிஸ்க் போடும் வசதி உள்ளது 2,299 வெள்ளி, அது இல்லாத டிஜிட்டல் 1,869. அந்த 430 வெள்ளி வித்தியாசத்தைப் பழைய டிஸ்க் வாங்கி விற்றதிலேயே இரண்டு வருடத்தில் எடுத்துவிட்டேன். டிஜிட்டல் வாங்கியவருக்கு ஒரே ஒரு கடைதான், அந்தக் கடை சொல்வதுதான் விலை.

அடுத்தது சந்தா. மாதக் கட்டணம் கட்டினால் பட்டியலில் உள்ள விளையாட்டுகளையெல்லாம் ஆடலாம் என்ற மைக்ரோசாஃப்டின் பிசி கேம் பாஸ் 2022-இல் மலேசியாவுக்கு வந்தது. அதற்கு முன்பே மைக்ரோசாஃப்ட், பெதெஸ்டா என்ற விளையாட்டு நிறுவனத்தின் தாய் நிறுவனமான செனிமேக்ஸை 750 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. 2022 ஜனவரியில் இன்னொரு பெரிய விளையாட்டு நிறுவனமான ஆக்டிவிஷன் பிலிஸார்டுக்கு 6,870 கோடி டாலர் விலை பேசியது. வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அமைப்புகளில் அமெரிக்காவின் எஃப்டிசி வழக்குப் போட்டது, பிரிட்டனின் சிஎம்ஏ முதலில் தடுத்தது. கிளவுட் ஸ்ட்ரீமிங் (இறக்காமல் இணையம் வழியாகவே ஆடுவது) உரிமையை யூபிசாஃப்ட் என்ற வேறொரு விளையாட்டு நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்த பிறகுதான் 2023 அக்டோபரில் வியாபாரம் முடிந்தது. இந்தப் பக்கம் சோனியும் 360 கோடி டாலருக்கு பங்கி என்ற விளையாட்டு ஸ்டூடியோவை வாங்கியது. இவ்வளவு பணமும் புழங்கிய அந்த இரண்டு வருடம் நமக்கு விருந்துதான். ஒரு பிரியாணி விலைக்கு ஒரு மாதம் முழுக்க விளையாட்டு. விலை கொடுத்து வாங்கவே துணியாத சின்ன விளையாட்டுகளை அதில்தான் கண்டுபிடித்தேன், அதற்கு இன்றும் நன்றி.

ஆனால் புதிதாகத் திறந்த மளிகைக் கடை அரிசியை அடிமாட்டு விலைக்குக் கொடுக்கும்போது, பக்கத்துக் கடை மூடிய பிறகு என்ன விலை வைப்பான் என்றுதான் பார்க்க வேண்டும். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேமிங் பிரிவில் 1,900 பேரை வேலையிலிருந்து நீக்கியது. மே மாதம், ஹை-ஃபை ரஷ் மாதிரி எல்லாரும் பாராட்டிய விளையாட்டைச் செய்த தன் ஸ்டூடியோவான டாங்கோ கேம்வொர்க்ஸை மூடுவதாக அறிவித்தது. அப்புறம் கிராஃப்டன் என்ற கொரிய விளையாட்டு நிறுவனம் அந்தக் குழுவை எடுத்துக்கொண்டது. 2025 அக்டோபரில் அமெரிக்காவில் கேம் பாஸின் உயர்ந்த சந்தாவான அல்டிமேட் மாதம் 19.99 டாலரிலிருந்து ஒரேயடியாக 29.99 ஆனது. கோலாலம்பூரில் ஒரு ஸ்டூடியோவில் கேரக்டர் மாடல் செய்யும் என் நண்பனுக்கு இதெல்லாம் வெறும் செய்தி இல்லை. வெளிநாட்டில் ஒரு புராஜெக்ட் நின்றால் அவன் மேசைக்கு வரும் வேலையும் நின்றுவிடும்.

எனக்கு வலித்தது இதைவிடச் சின்ன விஷயம். அக்கா மகனுக்குப் பதினொரு வயது. என் இரண்டு சந்தாக்களில் ஒன்றில் ஒரு சாகச விளையாட்டைச் சனி ஞாயிறு மட்டும் வந்து ஆறு வாரம் ஆடினான். கடைசி அரண்மனை மட்டும் பாக்கி. ஏழாவது வாரம் வந்து திறந்தால் அது பட்டியலில் இல்லை. மாதக் கடைசியில் எடுத்துவிட்டார்கள். கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, “மாமா, சேவ் இருக்கு, கேம் இல்ல” என்றான். அன்றே விலைக்கு வாங்கிக் கொடுத்தேன், விட்ட இடத்திலிருந்து திறந்தது. ஆனால் அந்த ஒரு வாக்கியம் என் மனதில் நின்றுவிட்டது.

கணினிப் பக்கம் பத்து வருடத்துக்கு மேலாக ஸ்டீம்தான் எனக்கு முதல் கடை. விலை ரிங்கிட்டிலேயே இருக்கும். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். 2018 டிசம்பரில் எபிக் நிறுவனம் போட்டிக் கடை திறந்து, விளையாட்டு செய்தவர்களிடம் ஸ்டீம் வழக்கமாக எடுக்கும் 30 விழுக்காடு கமிஷனுக்கு எதிராக 12 விழுக்காடு போதும் என்றது. நம் நாட்டு மெட்ரோனோமிக் குழு செய்த நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ் விளையாட்டு 2020-இல் வந்தபோது கணினிக்கு எபிக்கில் மட்டும்தான் கிடைத்தது. ஸ்டீமுக்கு வர அதன்பின் ஒரு வருடம் ஆனது. அதைத் திட்டியவர்கள் உண்டு. நான் எபிக்கிலேயே வாங்கினேன். ஒரே கடைக்கு மட்டும் கொடுப்பதால் முன்கூட்டியே கிடைக்கும் உறுதியான பணம் ஒரு சின்ன உள்ளூர் குழுவுக்கு எவ்வளவு பெரியது என்று சம்பளத்தில் வாழும் நமக்குத் தெரியாதா?

ஸ்டீமை இவ்வளவு புகழ்ந்தாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து பணம் கட்டும் பக்கத்திலேயே, வாங்குவது விளையாட்டை அல்ல, அதை ஆடும் உரிமத்தைத்தான் என்று அவர்களே எழுதிவிட்டார்கள். டிஸ்க்கும் முழுக் காப்பு இல்லை. யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-இல் இணையத்தோடு மட்டுமே ஓடும் தி க்ரூ என்ற கார் விளையாட்டின் சர்வரை அணைத்தபோது, டிஸ்க் வைத்திருந்தவர்களும் விளையாட முடியாமல் போனது.

மொபைல் பற்றிச் சுருக்கமாக. அக்கா மகனின் நண்பர்களுக்கு சோனியும் தெரியாது, எக்ஸ்பாக்ஸும் தெரியாது. மொபைல் லெஜண்ட்ஸ் என்ற விளையாட்டுதான் உலகம், அதற்குள் வாங்கும் டைமண்ட்தான் காசு. அதைச் செய்த மூன்டன் நிறுவனத்தை 2021-இல் டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸ் வாங்கியது. 2024-இல் நம் நாட்டு மொபைல் லெஜண்ட்ஸ் அணியான சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் ரியாத்தில் கோப்பை தூக்கியபோது நானும் கத்தினேன். அந்த மேடைக்குப் பின்னால் இருப்பது சவூதிப் பணம். அதே சவூதி முதலீட்டு நிதி, கூட்டாளிகளோடு சேர்ந்து இஏ என்ற பெரிய விளையாட்டு நிறுவனத்தை 5,500 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது.

இப்போது என் ஏற்பாடு இதுதான். கதை உள்ள விளையாட்டு என்றால் டிஸ்க், முடிந்தால் பழையது. சந்தாவைத் தானாகப் புதுப்பிக்க விடுவதில்லை, பள்ளி விடுமுறைக்கு ஒரு மாதம் மட்டும் போடுகிறேன். கணினிக்கு ஸ்டீம் தள்ளுபடி.

போன தீபாவளிக்கு அக்கா மகனுக்கு நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோல் வாங்கினோம். அதன் சில விளையாட்டுப் பெட்டிகளில் இருப்பது சாவி அட்டை மட்டும்தான், விளையாட்டு முழுவதையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். பெட்டியின் கீழே அது அச்சிட்டிருக்கும். கடையில் அவன் ஆசையாக எடுத்த முதல் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்து அந்த வரியைப் படித்தான், அலமாரியிலேயே திரும்ப வைத்தான். பத்து நிமிடம் தேடி இன்னொன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். “இதுல கேம் உள்ளேயே இருக்கு மாமா.”