அரக்கு பார்டர் இருக்கா, இல்லையா?

டெல்லிக்கு வந்த புதிதில் எனக்குக் கிளி என்றால் ஒரே கிளிதான். எங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் கொய்யா மரத்தில் வந்து உட்கார்ந்த ஒன்றைப் பார்த்துவிட்டு, கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மாதான் கேட்டாள்: "ஏண்டா, இது என்ன இவ்வளவு பெரிசா இருக்கு, பச்சைப் புடவைக்கு அரக்கு பார்டர் போட்ட மாதிரி?" அப்புறம்தான் கவனித்தேன், இங்கே இரண்டு இனம் ஒரே மரத்தில் மேய்கிறது.

ஒன்று நம் ஊர்ப் பச்சைக்கிளி, அதாவது செந்தார்ப் பைங்கிளி. வாலையும் சேர்த்து 40 சென்டிமீட்டர் வரும். இன்னொன்று அலெக்சாந்திரியக் கிளி, இங்கே பலரும் சொல்வது 'பஹாடி தோத்தா'. கிட்டத்தட்ட 60 சென்டிமீட்டர்.

கழுத்து வளையத்தை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் ஏமாந்துதான் போவீர்கள், நானே ஒரு குளிர்காலம் முழுக்க ஏமாந்திருக்கிறேன். ரோஸ் வளையமும் தாடையில் கறுப்புக் கோடும் இரண்டிலும் ஆணுக்கு மட்டும்தான், அதுவும் இளசாக இருக்கும்போது இருக்காது. பெட்டைக்குக் கடைசி வரை கிடையாது. அதனால் தோளைப் பாருங்கள்: அம்மா சொன்ன அந்த அரக்குத் திட்டு பெரிய இனத்தில் ஆண், பெட்டை இரண்டுக்கும் உண்டு, சின்னதுக்கு இல்லவே இல்லை. குஞ்சாக இருந்து திட்டு மங்கலாகத் தெரிந்தால் அலகைப் பாருங்கள். பெரியதின் அலகு முகத்துக்கே பாரமோ என்று தோன்றும். கொய்யாவை ஒரு காலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அது விதை வரைக்கும் குடைவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அப்புறம் குழப்பமே வராது. குரலும் வேறு; சின்னது கீ-கீ என்று கிறீச்சிடும், பெரியது தொண்டை கட்டிய ஆள் மாதிரி கரகரக்கும்.

ஊர் விஷயத்தில் சின்னதுதான் கில்லாடி. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் தொடங்கி சஹாராவுக்குக் கீழே எத்தியோப்பியா பக்கம் வரை ஒரு வரிசை, பாகிஸ்தான், இந்தியா, இலங்கை, மியான்மர் என்று இன்னொரு வரிசை. கூண்டிலிருந்து தப்பியவை லண்டனிலேயே குடும்பம் நடத்துகின்றன. பெரியதுக்கு ஆப்பிரிக்காவில் இடமில்லை. ஆப்கானிஸ்தானின் கிழக்கிலிருந்து வியட்நாம் வரை, இலங்கையிலும் உண்டு. கும்பகோணம் பக்கம் நான் பார்த்ததே இல்லை, அம்மா அசந்து போனதில் தப்பில்லை.

சரி, வளர்க்க எது நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள், 1972 வனவிலங்குச் சட்டப்படி இரண்டையுமே கூண்டில் வைக்கக் கூடாது. பார்க்கவேண்டுமானால் பிப்ரவரிக் காலையில் லோதி கார்டன் போங்கள். பழைய கல்லறைச் சுவர்ப் பொந்துக்காக மைனாவோடு சண்டை போடும் சின்னதைப் பார்த்துவிட்டு, அப்படியே தலையைத் தூக்கிப் பெரிய மரங்களின் பொந்துகளையும் பாருங்கள்.