கொம்பும் காலும்: கிட்டுடன் பதினோரு ஆண்டுகள்

திருநெல்வேலிப் பக்கம் பள்ளி ஆசிரியராக இருக்கும் தம்பி ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார்: "அண்ணே, எங்க ஊர்ப் பெரியவங்க நாலு பேரு சேர்ந்து உழவுச் சொற்களைத் திரட்டிக்கிட்டு இருக்காங்க. அந்தக் கோப்புகளை எல்லாம் கிட்டில் வச்சுக்கலாமா?" கோப்புகளில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமித்துவைக்கும் கருவிதான் கிட் (Git). கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கும் வேலையில் பதினோரு ஆண்டுகளாக நான் கிட்டைத் தொடாத நாள் அரிது. உடனே ஆம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வாய் வரவில்லை; இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு நாளும் யோசித்ததையே இங்கே எழுதுகிறேன். கமிட் என்றால் மாற்றங்களைச் சேர்த்து இடும் ஒரு பதிவு, கிளை என்றால் அப்பதிவுகளின் தனி வரிசை, களஞ்சியம் என்றால் அவை எல்லாம் இருக்கும் இடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அதற்குரிய பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரல் (கெர்னல்) வளர்ச்சிக்காக 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கருவி இது. உள்ளே போன ஒன்றை அது எளிதில் தொலைப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நள்ளிரவில், தூக்கக் கலக்கத்தில் தவறான கிளையில் நின்றபடி கிளையைப் பழைய நிலைக்கே தள்ளிவிடும் ஹார்ட் ரீசெட் கட்டளையைக் கொடுத்து, மூன்று நாள் மொழிபெயர்ப்பை ஒரு நொடியில் காணாமல் அடித்தேன். கை நடுங்கியது. கிட் தனக்குள் வைத்திருக்கும் நடமாட்டக் குறிப்பான ரீஃப்லாக்கைத் திறந்தபோது, நான் கடந்து வந்த ஒவ்வொரு கமிட்டும் வரிசையாக அங்கே இருந்தது. எந்தக் கிளையிலிருந்தும் எட்ட முடியாமல் போனவற்றின் பதிவைக்கூட, நாம் அமைப்பை மாற்றாதவரை, அது 30 நாள் வரை வைத்திருக்கிறது. மற்றவற்றுக்கு 90 நாள். இரண்டு நிமிடத்தில் எல்லாம் திரும்பி வந்தன. அந்த இரவுக்காக நான் இந்தக் கருவிக்கு என்றும் நன்றியுடையவன்.

இனி, தீராத அந்தத் தொல்லைக்கு வருகிறேன். போன மாதம் ஒரு தன்னார்வலர் மொழிபெயர்ப்புக் கோப்பு ஒன்றில் நான்கு சொற்களைத் திருத்தி அனுப்பினார். பழைய வரியைச் சிவப்பிலும் புதிய வரியைப் பச்சையிலும் காட்டும் டிஃப்பைப் பார்த்தால் அறுபதுக்கு மேற்பட்ட வரிகள் மாறியிருந்தன. சிவப்பு வரியில் "கோயில்" என்று இருந்தது. அதன் கீழே பச்சை வரியிலும் "கோயில்" என்றே இருந்தது. எழுத்துருவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், வரியின் இறுதியில் இடைவெளி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு வேறுபாடும் இல்லை. பிறகு இரண்டையும், பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ்டம்ப்பில் இட்டேன். பழைய "கோயில்" 18 பைட்டுகள்; புதிய "கோயில்" 21 பைட்டுகள்.

காரணம் எளியது. ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் ஒருங்குறியில் (யூனிகோடில்) "கோ" என்பதை இரண்டு வகையாக எழுதலாம். ககரத்தை அடுத்து ஓகாரக் குறியை ஒரே குறியீடாக இடுவது ஒரு வகை. ககரத்தை அடுத்து இரட்டைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இடுவது இன்னொரு வகை. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று சமம் என்று ஒருங்குறித் தரமே சொல்கிறது. திரையிலும் அவை ஒன்றுபோலவே தோன்றும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இதே நிலைதான். அந்தத் தன்னார்வலரின் உள்ளீட்டுக் கருவி கொம்பையும் காலையும் பிரித்து இட்டிருக்கிறது. அவர் மீது ஒரு குற்றமும் இல்லை. அவர் எழுதியது முற்றிலும் சரியான தமிழ்.

ஆனால் கிட் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைத்தான் பார்க்கிறது. அதனால் ஒரே சொல் இரண்டாகிறது. ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. அகரவரிசைப் பட்டியலில் ஒரே சொல் இருமுறை இடம்பிடிக்கும். இருவர் ஒரே வரியைத் தொட்டிருந்தால், இரு பக்கமும் ஒன்றுபோலவே தோன்றும் முரண்பாட்டைக் காட்டி, "எது வேண்டும்" என்று நம்மிடம் கேட்கும். அதைத் தீர்க்க உட்கார்ந்த புதியவர்கள் தங்கள் கண்ணில்தான் கோளாறு என்று எண்ணி மனம் சோர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் சோர்ந்தவர்களில் இருவர் திரும்பி வரவே இல்லை. என் கோபம் முழுவதும் அந்த இருவருக்காகத்தான்.

கோப்புப் பெயர்களில் இருக்கும் தொல்லை இதைவிடச் சிறியது. "தமிழ்" என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைத்தால், மாறிய கோப்புகளைப் பட்டியலிடும் ஸ்டேட்டஸில் எழுத்துக்குப் பதிலாக அதன் பைட்டுகள் 340, 256, 244 என்று தொடங்கும் பதினைந்து எண்களாக வரும். கோர் கோட்பாத் என்ற அமைப்பை ஒருமுறை அணைத்துவிட்டால் தீர்ந்தது.

நியாயமாகப் பேச வேண்டுமானால், கிட் செய்வது தவறன்று. கொடுத்ததை ஒரு பைட்டும் மாற்றாமல் திருப்பித் தருவேன் என்ற உறுதிதான் அதன் உயிர். உள்ளடக்கத்தைக் கணக்கிட்டுப் பெறும் அடையாள எண்ணான ஹேஷே அங்கே பெயர் என்பதால், தானாக ஓர் எழுத்தைத் திருத்தும் கிட்டை நானே நம்பமாட்டேன். அந்த இரவு என்னைக் காப்பாற்றியதும் இதே பிடிவாதம்தான். ஆனால் இந்தப் பிடிவாதத்துக்கு விலக்கே இல்லை என்று சொல்ல முடியாது. விண்டோஸின் வரி முடிவுகளை மாற்றிச் சேமிக்க அமைப்பு உண்டு. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறைகளில் ஒன்றான யுடிஎஃப்-16இல் உள்ள கோப்புகளை, இன்னொன்றான யுடிஎஃப்-8 ஆக்கிச் சேமிக்கும் வசதி 2018இல் வந்தது. மேக் கணினிகளின் கோப்புப் பெயர்களில் பிரிந்து வரும் குறிகளைச் சேர்த்துவைக்கவும் அமைப்பு உண்டு, ஆனால் அது பெயரோடு நின்றுவிடுகிறது. கோப்புக்குள் இருக்கும் கொம்புக்கும் காலுக்கும் மட்டும் இன்றுவரை அப்படி ஓர் அமைப்பு இல்லை.

மாற்று வழி உண்டு. பைத்தான் நிரல்மொழியின் யூனிகோட்டேட்டா தொகுதியில் நார்மலைஸ் என்ற ஒரே அழைப்பு எல்லாவற்றையும் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதைக் கமிட்டுக்கு முந்தைய ஹூக்காக, அதாவது ஒவ்வொரு கமிட்டுக்கும் முன் தானே இயங்கும் சிறு நிரலாக, வைத்திருக்கிறேன். ஆனால் களஞ்சியத்தைக் குளோன் செய்பவருக்கு (தம் கணினிக்குப் படியெடுப்பவருக்கு) ஹூக் உடன் போவதில்லை. பிறர் எழுதிய நிரல் நம் கணினியில் கேட்காமல் இயங்கக் கூடாது என்பதால் அதுவும் சரியான முடிவே. ஆகவே ஒவ்வொரு பங்களிப்பாளரும் தம் கணினியில் அதைத் தாமே நிறுவிக்கொள்ள வேண்டும். பழைய கோப்புகளை ஒரே கமிட்டில் நேர்செய்தேன். அதனால், ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் பிளேம் முழுவதும் என் பெயராகிப்போனதை, குறித்த கமிட்டுகளைக் கணக்கில் எடுக்காமல் விடும் இக்னோர் ரெவ்ஸ் வசதி (2019இல் வெளிவந்த கிட் 2.23ஆம் பதிப்பில் வந்தது) தீர்த்துவைத்தது. "கௌரவம்" என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் இட்டு எழுதுபவர்களை மட்டும் இந்த நார்மலைஸும் திருத்தாது. அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும், கண்ணாலும் எளிதில் பிடிபடாது.

இவ்வளவுக்குப் பிறகும், மூலநிரல் எழுதுபவர் யார் கேட்டாலும் கிட்டையே சொல்வேன். தம்பிக்கு அதைச் சொல்லவில்லை. உழவுச் சொற்களை நினைத்துப் பாருங்கள்: கொழு, தொழி, பொலி, போர். கொம்பும் காலும் இல்லாத சொல் எங்கே இருக்கிறது? எழுபது வயதுக்காரர்கள் நான்கு பேர், வெவ்வேறு கைபேசியில், வெவ்வேறு விசைப்பலகையில் அடித்துத் தருகிறார்கள். அவர்களிடம் போய் ஹூக்கை நிறுவச் சொல்ல எனக்கு மனமில்லை. "கிட் வேண்டாம், தம்பி. விரிதாளிலேயே எழுதட்டும். மாதம் ஒருமுறை எனக்கு அனுப்பு, நான் நேர்செய்து களஞ்சியத்தில் ஏற்றுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

முதல் பட்டியல் நேற்றிரவு வந்தது. "பொலி" அதில் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்றை நீக்குவதற்கு முன் எண்ணிப் பார்த்தேன்: முதலாவது 12 பைட்டுகள், இரண்டாவது 15.