வறுத்த தேதி போடாத காப்பிக்கொட்டையை வாங்காதீர்கள்

ஆன்லைனில் காப்பிக்கொட்டை வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். பையில் 'பேக் செய்த தேதி' மட்டும் இருந்து 'வறுத்த தேதி' இல்லையென்றால் அந்தப் பை வேண்டாம். விற்பவர் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் வேண்டாம். ஒரு கிலோ கொட்டைக்கான பணத்தை நான் இழந்தது இந்தத் தேதி விளையாட்டில்தான்.

கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே வேலையைச் செய்கிற கடைகள் இன்னும் இருக்கும், பெயர் மாறும். கையில் வந்த பையைப் பார்த்தே கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும்.

விளம்பரத்தில் இருந்தது இது: ஆர்டர் வந்த பிறகே வறுக்கிறோம், ஒரே தோட்டத்துக் கொட்டை, 100% அராபிகா (காப்பியின் இரண்டு முக்கிய வகைகளில் ஒன்று, இன்னொன்று ரோபஸ்டா), பீபெரி என்கிற உருண்டைக் கொட்டை, மீடியம் ரோஸ்ட், அதாவது மிதமான வறுப்பு. பை பார்க்க அழகாகத்தான் வந்தது. முன்பக்கம் வட்டமாக ஒரு வால்வு. பின்பக்கம் தேதி ஸ்டிக்கர். அதன் ஒரு மூலை லேசாகத் தூக்கியிருந்ததால் நகத்தால் நெம்பினேன். உள்ளே இன்னொரு ஸ்டிக்கர், அதே எழுத்து, அதே அச்சு. தேதி மட்டும் ஏழு மாதம் முந்தியது.

அப்புறம் வால்வைப் பார்த்தேன். பையைக் காலி செய்து உள்பக்கமாகத் தடவினால் ஓட்டையே இல்லை. வெறும் பிளாஸ்டிக் வில்லையை மேலே ஒட்டிவைத்திருக்கிறார்கள்! இது ஏன் பெரிய விஷயம் என்றால், கொட்டையை வறுக்கும்போது உள்ளே கார்பன் டை ஆக்ஸைடு நிறைய உண்டாகிறது. முதல் சில நாட்களில் வேகமாகவும், பிறகு வாரக்கணக்கில் மெதுவாகவும் அது வெளியேறும். அந்த வாயு வெளியே போகவும் வெளிக்காற்று உள்ளே வராமல் இருக்கவும்தான் ஒருவழி வால்வு. புதிதாக வறுத்த கொட்டையை ஓட்டையில்லாத பையில் அடைத்து ஒட்டினால் பை உப்பிப் பந்தாகிவிடும். என்னிடம் வந்தது சப்பையாக, தளர்ந்து கிடந்தது. வேலை செய்கிற வால்வு இருந்தால் பை சப்பையாக இருப்பதில் தப்பில்லை. போலி வால்வும் சப்பைப் பையும் சேர்ந்து வந்தால், கொட்டை பைக்குள் போகும் முன்பே வாயு எல்லாம் போய்விட்டது என்றுதான் அர்த்தம்.

பையைத் திறந்ததும் வந்தது காப்பி வாசனை இல்லை, கழுவாமல் விட்ட எண்ணெய்ப் பாத்திரத்தின் சிக்கு வாடை. கொட்டை கன்னங்கரேலென்று, விரலில் ஒட்டும் அளவுக்கு எண்ணெய் மினுமினுப்புடன் இருந்தது. லேபிளில் மீடியம் ரோஸ்ட் என்று போட்டிருந்தது! கொஞ்சம் அரைத்து வெந்நீர் ஊற்றினேன். புதுக் கொட்டையின் தூள் வெந்நீர் பட்டதும் நுரைத்து எழும்பும். உள்ளே மிச்சமிருக்கும் வாயுதான் காரணம். இது சேறு மாதிரி அப்படியே கிடந்தது.

விற்பவருக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது: "மேடம், எண்ணெய் வந்தாதான் நல்ல கொட்டை. அதுதான் குவாலிட்டி." இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. வறுக்கும்போது கொட்டை இரண்டு முறை வெடிக்கும். இரண்டாவது வெடிப்பைத் தாண்டி வறுத்தால், அன்றைக்கு வறுத்ததாக இருந்தாலும் எண்ணெய் மேலே வரும். இப்படிக் கறுக்க வறுக்கிற டார்க் ரோஸ்டில் அது சகஜம். ஆனால் மேலே வந்த எண்ணெய் காற்றுபட்டுச் சீக்கிரம் கெடும். மீடியம் ரோஸ்ட் என்று விற்ற கொட்டை எண்ணெயில் பளபளத்தால், ஒன்று லேபிள் பொய், இல்லை கொட்டை பழசு. எனக்கு வந்ததில் இரண்டுமே. கருக வறுத்துவிட்டால் பச்சைக் கொட்டையில் இருந்த குறை எல்லாம் கசப்புக்குள் மறைந்துவிடும், அதற்காகவே இப்படி வறுப்பவர்கள் உண்டு.

வறுத்த தேதி என்ன என்று கேட்டேன். "பேக்கிங் டேட்தான் மேடம் ரோஸ்டிங் டேட்." அடியில் இருந்த ஸ்டிக்கரின் போட்டோவை அனுப்பினேன். பேச்சே இல்லை. பிறகு வேறொருவர் வந்தார்: "எப்படி ஸ்டோர் பண்ணீங்க மேடம்? ஃப்ரிட்ஜ்ல வெச்சிருக்கணும். வெளியே வெச்சா கெட்டுப்போகும்." பை வந்த அன்றே திறந்து, அன்றே எழுதியிருக்கிறேன்! கடைசியில், திறந்த பையைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். திறக்காமல் எப்படி முகர்ந்து பார்ப்பது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

மீதி கொட்டையை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்த்தேன். நீங்களும் எந்தப் பை வாங்கினாலும் இதைச் செய்யுங்கள், நிறைய தெரியும். சாதாரணமாக ஒரு பழத்துக்குள் இரண்டு விதைகள், ஒன்றையொன்று ஒட்டியிருக்கும் பக்கம் தட்டையாக இருக்கும். ஒரே விதை மட்டும் வளர்ந்தால் அது உருண்டு திரண்டு வரும், அதுதான் பீபெரி. மொத்த விளைச்சலில் சிறு பங்குதான் அப்படி அமையும், தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும், அதனால்தான் விலை கூடுதல். என் தட்டில் பாதிக்கு மேல் தட்டைக் கொட்டை. அராபிகாவின் நடுக்கோடு பெரும்பாலும் வளைந்து போகும், ரோபஸ்டாவில் அது நேராகவும் கொட்டை குண்டாகவும் இருக்கும். கண்ணால் பார்த்து நூறு சதவீதம் சொல்ல முடியாதுதான், ஆனால் நேர்க்கோட்டுக் குண்டுக் கொட்டை கைநிறைய வந்தால் சந்தேகப்படலாம். ரோபஸ்டா மட்டம் என்று நான் சொல்லவில்லை. அராபிகாவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன் அதில் உண்டு, அந்தக் கசப்பும் திடமும் பிடித்தவர்கள் தேடி வாங்குகிறார்கள். பெயரை மாற்றி விற்பதுதான் திருட்டு.

குண்டூசி குத்தியதுபோல் ஓட்டையுள்ள கொட்டைகளும் இருந்தன. காப்பிப் பழத்தைத் துளைக்கும் வண்டின் வேலை. கறுப்புக்கு நடுவே வெளிறிப்போன கொட்டைகள் சில. அவை பழுக்காத பழத்திலிருந்து வந்தவை, எவ்வளவு வறுத்தாலும் நிறம் ஏறாது, ஒன்றிரண்டு சேர்ந்தாலே காப்பி சப்பென்று காகிதம் கரைத்த மாதிரி ஆகிவிடும். உயர்தரக் காப்பிக்கு அளவுகோல் வகுக்கும் ஸ்பெஷாலிட்டி காப்பி அசோசியேஷன் நெடுங்காலம் வைத்திருந்த தர விதிப்படி, வறுத்த 100 கிராம் மாதிரியில் இப்படி வெளிறிய கொட்டை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

'ஒரே தோட்டம்' என்பது உண்மையா என்று நம்மால் வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. ஹவாயின் கோனா பகுதியில் விளையும் பேர்போன கோனா காப்பியிலேயே இது நடந்தது. மத்திய அமெரிக்கக் கொட்டையைக் கோனா என்று விற்ற மோசடி 1996இல் வெளிவந்தது. 2019இல் கோனா விவசாயிகளே பல விற்பனையாளர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். அதில் கொட்டையில் உள்ள தாதுக்களின் விகிதத்தை ஆய்வகத்தில் அளந்து காட்ட வேண்டியிருந்தது. அதனால் தோட்டத்தின் பெயருக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். வறுத்த தேதியையாவது கேட்டு வாங்கலாம்.

இப்போது அந்த 'ஸ்டோர் பண்ணின விதம்' கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இதே சாக்கை உங்களிடமும் சொல்வார்கள். நாம் எப்படி வைத்தாலும் பழசு புதுசாகாது. நல்ல கொட்டை கெடுவதைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். காற்று, ஈரம், சூடு, வெளிச்சம் நான்கும் படக் கூடாது. உள்ளே தெரியாத, மூடி இறுக்கமான டப்பா, அடுப்பிலிருந்து தள்ளி. டப்பா கொட்டையின் அளவுக்கு ஏற்றதாக இருக்கட்டும்; பெரிய டப்பாவில் அடியில் கொஞ்சம் கிடந்தால் மீதியெல்லாம் காற்றுதான். வால்வும் ஜிப்பும் நன்றாக உள்ள பையாக இருந்தால் காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு அதிலேயே வைக்கலாம். பழைய கொட்டையின் மேல் புதுசைக் கொட்டாதீர்கள். டப்பாவின் சுவரில் படிந்த எண்ணெயைத் துடைக்காமல் விட்டால் அந்தச் சிக்கு புதுக் கொட்டைக்கும் ஏறும்.

ஃப்ரிட்ஜ் வேண்டாம். அடிக்கடி திறந்து மூடும்போது ஈரம் படிந்து கொட்டை நமுத்துப்போகும், பக்கத்தில் இருப்பதன் வாடையையும் இழுத்துக்கொள்ளும். ஃப்ரீசர் வேறு கதை. ஒருமுறைக்குத் தேவையானதைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் காற்றுப் புகாமல் கட்டி வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். பெரிய பொட்டலமாக இருந்தால் குளிர் முழுக்க விடும்வரை பிரிக்கக் கூடாது, பிரித்தால் கொட்டைமேல் நீர் கோத்துவிடும். எடுத்ததைத் திரும்ப உள்ளே வைக்கவும் கூடாது. சின்னப் பொட்டலத்தை உறைந்தபடியே அரைக்கலாம்; குளிர்ந்த கொட்டை இன்னும் சீராக அரைபடுகிறது என்று 2016இல் ஒரு ஆய்வும் வந்திருக்கிறது. அரைத்து வைப்பது மட்டும் கூடவே கூடாது. தூளாக்கினால் காற்றுபடும் பரப்பு பல மடங்காகி, வாரக்கணக்கில் நிற்க வேண்டிய வாசனை சீக்கிரமே போய்விடும்.

வாங்கும்போது இரண்டு மூன்று வாரத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் வேண்டாம். தேதி வைத்து விற்கும் ஆளிடம் "எத்தனை நாள் கழித்துக் குடிக்கலாம்?" என்று கேட்டுப்பாருங்கள். வறுத்த மறுநாளே வாயு அதிகம் இருப்பதால் தூளுக்குள் தண்ணீர் சரியாக இறங்காது, சில நாள் விட வேண்டும். எஸ்பிரெஸோவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. வறுக்கத் தெரிந்தவர் இதைத் தானாகவே சொல்வார். "எப்போ வேணும்னாலும் குடிக்கலாம் மேடம்" என்றால் அந்த விற்பனைப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

என் பணம் இன்னும் வரவில்லை. கார்டு வங்கியில் புகார் போட்டிருக்கிறேன். அவர்கள் முதலில் கேட்டது இரண்டு ஸ்டிக்கரின் போட்டோவும், விற்பவருடன் நடந்த உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டும்தான். அதனால் பை வந்ததும் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். முதலில் நான்கு பக்கமும் போட்டோ, தேதிக்குக் கிட்டத்தில் ஒன்று, அப்புறம் பிரிப்பதை வீடியோ. ஸ்டிக்கரை உரிப்பதாக இருந்தால் அதுவும் கேமரா முன்னால் நடக்கட்டும்.