கிராமப் பள்ளிக் கணினிக் கூடம்: பழைய டெஸ்க்டாப்பா, ராஸ்பெர்ரி பையா?

அலுவலகங்கள் கழித்துவிட்ட, இன்டெல் ஐ5 பிராசஸர் உள்ள டெஸ்க்டாப்பா, உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைப் போர்டு கணினியான 4 ஜிபி ராஸ்பெர்ரி பை 4-ஆ? 10 இருக்கைக்குக் கணக்குப் போடுவோம்.

மின்சாரம்
டெஸ்க்டாப்: மானிட்டரோடு சுமார் 70 வாட். 150 ஏ.ஹெச். இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றில் பத்தும் ஓடினால் ஒரு மணி நேரம் தாண்டுவதே பெரிது.
பை: மானிட்டரோடு 25 வாட். அதே பேட்டரியில் ஏறத்தாழ நான்கு மணி நேரம்.

செலவு
டெஸ்க்டாப்: பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி மாற்றி, இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டால் போதும்.
பை: போர்டு விலையை மட்டும் பார்க்காதீர்கள். அடாப்டர், மெமரி கார்டு, மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள் தனி. பழைய மானிட்டர் என்றால் விஜிஏ கன்வெர்ட்டரும் வேண்டும்.

பழுது
டெஸ்க்டாப்: ரேம், எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) பக்கத்து டவுனிலேயே கிடைக்கும். தேதி பின்னுக்குப் போய், இணையதளங்கள் திறக்க மறுத்தால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள்.
பை: கூடங்கள் முடங்குவது பெரும்பாலும் இங்கேதான். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டில் உள்ள கோப்புகள் கெடும். பையின் அமைப்புக் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கில், கார்டில் எதையும் எழுதவிடாத ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்கி, மாணவர் வேலையைப் பென்டிரைவில் சேமிக்கவையுங்கள். நகல் எடுத்த கார்டு இரண்டு கையிருப்பில் இருக்கட்டும். திரையின் மேல் மூலையில் மின்னல் குறி வந்தால் மின்னழுத்தம் போதவில்லை. செல்போன் சார்ஜரைக் கழற்றி, 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டரை மாட்டுங்கள்.

கரண்ட் ஓரளவு நிற்கும் ஊரில், தட்டச்சும் அலுவலக மென்பொருளும் கற்றுத்தர டெஸ்க்டாப். மின்வெட்டு மிகுந்த, சோலாரை நம்பும் ஊருக்கும், சென்சார், எல்இடி வைத்து நிரல் எழுதப் பழக்கவும் பை. பராமரிக்க உள்ளூரில் ஒருவராவது பழகாமல் பையை வாங்கவே வேண்டாம்.